கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா கண் காஞ்சிருக்காம்

இந்த எபிசோடை ரெண்டு வாரமா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். காரணம், இதுல நான் அசிங்கப்படுற இடம் ஒண்ணு இருக்கு. "இதைப் பத்திப் பேசட்டுமா?"ன்னு அம்மாகிட்ட கேட்டேன். "பேசு, ஆனா என் வயசைச் சொல்லாதே"ன்னாங்க. அதனால வயசு சொல்லல. கண்புரை ஆபரேஷன் பண்ற வயசுன்னு மட்டும் வச்சுக்கோங்க.

அம்மா டெய்லர். வில்லிவாக்கத்துல எங்க வீட்டு முன்ரூம்லதான் மெஷின். இருபத்தெட்டு வருஷமா பிளவுஸ் தைக்கிறாங்க. நான் படிச்சது அந்த மெஷின் ஓடின காசுலதான். போன வருஷம் ஒரு கஸ்டமர் அக்கா ஒரு நேவி புளூ பிளவுஸைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. உள் தையல் முழுக்கக் கறுப்பு நூல். அம்மா அதை மெஷின் லைட்டுக்குக் கீழே வச்சு வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு கலரும் அவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. கண்புரை வந்தா லென்ஸ் மஞ்சளாகிட்டே வரும், நீலம் சார்ந்த கலர்கள் எல்லாம் மங்கும். ஒரு டெய்லருக்கு அது எப்படித் தெரிய வரும்னு பாருங்க, நூல் மூலமாத்தான்.

முதல்ல வலது கண். காலையில போனோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டோம். உள்ளே நடந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. மறுநாள் கட்டைப் பிரிச்சதும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "டேய், உன் சட்டை நீலமா? நான் சாம்பல் கலர்னுல்ல நினைச்சேன்." டாக்டர் சிரிச்சார். நான் ஃபேமிலி குரூப்புல "ஆபரேஷன் சக்சஸ்"னு போட்டேன். முப்பது பேர் கும்பிடு எமோஜி அனுப்பினாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த விஷயம் அங்கேயே முடிஞ்சுது.

பத்தாவது நாள் அம்மா போன்ல சொன்னாங்க, "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுடா." நான், "புண்ணு ஆறணும்லம்மா"ன்னேன். மூணாவது வாரம், "எரியுதுடா, சாயங்காலம் ஆனா தண்ணியா ஊத்துது"ன்னாங்க. அப்ப நான் சொன்னதை அப்படியே சொல்றேன்: "டாக்டரே சக்சஸ்னு சொல்லிட்டார், நீ சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதம்மா." அதுக்கப்புறம் அவங்க சொல்றதை நிறுத்திட்டாங்க. சரியாயிடுச்சு போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

நான் ஓஎம்ஆர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். வில்லிவாக்கத்துக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை போனா அதிகம். ரெண்டாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போனப்போ மெஷின் மேல பழைய புடவை போர்த்தி இருந்தது. தீபாவளிக்கு முன்னாடி எங்க வீட்டு மெஷின் மூடி இருந்து நான் பார்த்ததே இல்ல. "ஆர்டர் எடுக்கலையா?"ன்னு கேட்டேன். "கொஞ்ச நேரம் தைச்சாலே மங்குது, திரும்பக் கண்ணை மூடித் திறந்தா தெளியுது, திரும்ப மங்குது. தையல் கோணலாப் போகுது. யார்கிட்ட ஏச்சு வாங்குறது?"ன்னாங்க. சரி, அடுத்த கண்ணுக்கு எப்போ தேதி வாங்கலாம்னு கேட்டேன். இடது கண்ணுலதான் புரை இன்னும் அப்படியே இருக்கு.

"அது வேண்டாம். இருக்கிற ஒரு கண்ணாவது நல்லா இருக்கட்டும்."

அவங்க கணக்குல புரை இருக்கிற கண்தான் நல்ல கண். ஆபரேஷன் பண்ண கண் போயிடுச்சு. இதை ஒரு மாசமா மனசுக்குள்ளேயே வச்சிருந்திருக்காங்க. நான் குரூப்புல சக்சஸ்னு போட்டுட்டதால எனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லலையாம்.

அடுத்த நாளே லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் பொண்ணு ரெண்டு டெஸ்ட் பண்ணாங்க. ஒண்ணு, கீழ் இமைக்குள்ள ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் செருகி அஞ்சு நிமிஷம் விடுறது. அது எவ்ளோ தூரம் நனையுதுன்னு மில்லிமீட்டர்ல பார்ப்பாங்க. ஷிர்மர் டெஸ்ட்னு பேர். அம்மாவுக்கு ஆறு. பத்துக்குக் கீழே வந்தாலே கண்ணீர் கம்மின்னு யோசிக்க ஆரம்பிப்பாங்களாம். இன்னொண்ணு, மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்துல பார்க்கிறது. கண்ணைச் சிமிட்டாம வச்சிருந்தா, கண் மேல இருக்கிற கண்ணீர்ப் படலம் எத்தனை செகண்ட்ல கிழியுதுன்னு எண்ணுவாங்க. பத்து செகண்டாவது தாங்கணும். அம்மாவுக்கு நாலாவது செகண்ட்லயே கறுப்பு கறுப்பா ஓட்டை விழுந்தது.

டாக்டர் சொன்னார், "லென்ஸ் அழகா உட்கார்ந்திருக்கும்மா. விழித்திரையும் நல்லா இருக்கு. கண் மேலதான் காஞ்சு போயிருக்கு. ட்ரை ஐ."

அம்மா விடுவாங்களா? "என்ன டாக்டர், தண்ணியா ஊத்துதுன்னு சொல்றேன், காஞ்சு போச்சுங்கிறீங்களே?"

எனக்கும் அதே டவுட்டுதான். அவர் சொன்னதையும், நான் அப்புறம் உட்கார்ந்து படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். நான் டாக்டர் இல்ல, ஆடியோ எடிட் பண்றவன். அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

கண் மேல எப்பவும் இருக்கிற கண்ணீர் வெறும் தண்ணி கிடையாது. அடியில, கண்ணோட ஒட்டிக்கிற வழவழன்னு ஒரு பொருள். நடுவுல தண்ணி. எல்லாத்துக்கும் மேல ரொம்ப மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம், தண்ணி ஆவியாகிப் போயிடாம மூடி மாதிரி. அந்த எண்ணெய், இமை ஓரத்துல வரிசையா இருக்கிற குட்டிக் குட்டிச் சுரப்பிகள்லேருந்து வருது. இந்த மூணுல எது கெட்டாலும் கண் காயும். காஞ்சதும் உறுத்தும். உறுத்தினதும், வெங்காயம் நறுக்கும்போது வருமே அந்த மாதிரி, கண் பதறிப்போய் ஒரேயடியா தண்ணியைக் கொட்டும். அது எண்ணெயும் இல்லாத, வழவழப்பும் இல்லாத தண்ணி. நிக்காது, கன்னத்துல வழிஞ்சிடும். கண் திரும்பக் காயும். அதான் தண்ணியும் ஊத்துது, காஞ்சும் கிடக்குது.

சரி, ஆபரேஷனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணுக்கு முன்னாடி இருக்கிற தெளிவான படலத்துக்குக் கார்னியான்னு பேர். கண் தானம்னு சொல்றப்போ பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பொருத்துறது அதைத்தான். உடம்புலயே நரம்பு முனைகள் ரொம்ப நெருக்கமா இருக்கிற இடங்கள்ல அது ஒண்ணு. "காயுது, கண்ணீர் அனுப்பு, இமையை மூடு"ன்னு மூளைக்குத் தகவல் போறது அந்த நரம்பு வழியா. கண்புரையை உடைச்சு உறிஞ்சி எடுக்கிற ஃபேகோ ஆபரேஷன்ல ரெண்டரை, மூணு மில்லிமீட்டர் அளவுக்கு அங்கே ஒரு வெட்டு போடுறாங்க. சின்ன வெட்டுதான், ஆனா அந்த வழியா ஓடுற நரம்பும் அறுபடும். தகவல் போறது குறையும். கண் காயுறது உடனே தெரியாது, சிமிட்டுறதும் குறையும். அதோட ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணைக் கழுவுற அயோடின், மரத்துப்போக விடுற சொட்டு, மைக்ராஸ்கோப் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து மேல்பரப்பைக் கொஞ்சம் படுத்தி எடுத்திடும். நரம்பு திரும்ப வளர நாளாகும். நிறையப் பேருக்கு முதல் மாசம் தொந்தரவா இருந்துட்டு மூணு மாசத்துக்குள்ள அடங்கிடுது. ஏற்கெனவே கண் வறட்சி இருந்தவங்களுக்கு நீளும். மாதவிடாய் நின்ன பெண்கள், சுகர் இருக்கிறவங்க, அலர்ஜிக்கு செட்ரிசின் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு எல்லாம் அது இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அம்மாவுக்கு முதல் ரெண்டும் உண்டு, தும்மல் வந்தா மூணாவதும் உண்டு.

இப்ப நான் அசிங்கப்படுற இடத்துக்கு வந்துட்டோம்.

டாக்டர், "லூப்ரிகேட்டிங் ட்ராப்ஸ் விடுறீங்களா?"ன்னு கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் போன்ல ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து பெருமையாக் காட்டினேன். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து போட்ட ஷீட். ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் ஆறு தடவை, அடுத்த வாரம் அஞ்சு, அப்புறம் நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. ஆன்டிபயாடிக் தனிக் கலர். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்தேன். அம்மா ஒண்ணு விடாம டிக் அடிச்சிருந்தாங்க.

டாக்டர் டிஸ்சார்ஜ் ஷீட்டைத் திருப்பி, கடைசி வரியில விரலை வச்சார். லூப்ரிகேட்டிங் சொட்டு, ஒரு நாளைக்கு நாலு வேளை, மூணு மாசம்.

அந்த வரி என் ஷீட்டுல இல்லவே இல்ல. அன்னைக்கு நான் அதைப் பார்த்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. லிப் பாம் மாதிரி ஏதோ ஒண்ணு, வேணும்னா விட்டுக்கலாம்னு நானா முடிவு பண்ணி விட்டுட்டேன். பாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மா அதை எரியும்போது மட்டும் ஒரு சொட்டு விட்டுக்கிட்டு, விலை முந்நூறு ரூபாய்க்கு மேலன்னு அட்டையில பார்த்துட்டு, மிச்சம் பிடிச்சு வச்சிருக்காங்க. ரெண்டு மாசமா அதே பாட்டில்.

டாக்டர் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது. "இது வலி மாத்திரை மாதிரி வந்தப்புறம் போடுறது இல்லம்மா. எரியுதோ இல்லையோ, நேரத்துக்கு விடணும். படலம் கிழியுறதுக்கு முன்னாடி விட்டாத்தான் அடியில இருக்கிற காயம் ஆறும்"னார். அம்மா ஒரு செகண்ட் யோசிச்சுட்டு, "மெஷினுக்கு எண்ணெய் விடுற மாதிரிதானே? சத்தம் வந்தப்புறம் விட்டா உள்ளே தேய்ஞ்சுல்ல போயிருக்கும்"னாங்க. டாக்டருக்கே அந்த உதாரணம் பிடிச்சுப் போச்சு.

அந்தச் சொட்டுல என்ன இருக்குன்னு நான் அட்டையைப் படிச்சேன். அம்மாவுக்குக் கொடுத்தது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், 0.5 சதவீதம். தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிற ஒரு பொருள். சோடியம் ஹயலுரோனேட், ஹைட்ராக்ஸிபுரோபில் மெத்தில் செல்லுலோஸ்னு வேற வகையும் இருக்கு. பேர் எல்லாம் பயமுறுத்தும், வேலை ஒண்ணுதான்: கண்ணீர் செய்ய வேண்டியதைக் கொஞ்ச நேரம் செய்யும். ராத்திரிக்கு ஜெல் கொடுத்தார். அது கெட்டியா நிக்கும், ஆனா பார்வையைக் கொஞ்ச நேரம் மங்கலாக்கும், அதனால படுக்கும்போதுதான்.

பிரிசர்வேட்டிவ் விஷயம் தெரிஞ்சுக்கணும். திறந்த பாட்டில்ல கிருமி வளரக்கூடாதுன்னு நிறையச் சொட்டு மருந்துல பென்சல்கோனியம் குளோரைடுன்னு ஒண்ணு சேர்ப்பாங்க. எப்பவாவது விட்டா பரவாயில்ல. ஒரு நாளைக்குப் பல தடவை, மாசக் கணக்குல விட்டா அதுவே கண் மேல்பரப்பை உறுத்தும், படலத்தை உடைக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே ஆறு வாரம் மத்த சொட்டெல்லாம் போயிருக்கு. அதனால டாக்டர் பிரிசர்வேட்டிவ் இல்லாததா எழுதினார். விலை கூடதான். ஒரு தடவைக்கு ஒண்ணுன்னு கிள்ளிப் போடுற குட்டி டியூப்லயும் வருது, காத்து உள்ளே போகாத மாதிரி செஞ்ச ஸ்பெஷல் பாட்டில்லயும் வருது.

அதுக்காகப் பிரிசர்வேட்டிவ் இல்லைன்னு எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னும் இல்ல. 2023 பிப்ரவரியில அமெரிக்காவுல ஒரு கண் சொட்டு மருந்தைத் திரும்பப் பெற்ற நியூஸ் ஞாபகம் இருக்கா? சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கம்பெனியில தயாராகி அங்கே போனது. பிரிசர்வேட்டிவ் இல்லாத, பல நாள் பயன்படுத்துற பாட்டில். மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்றோட அதைத் தொடர்புபடுத்தினாங்க. அந்த வருஷம் மே மாசக் கணக்குப்படி 18 மாநிலங்கள்ல 81 பேர். நாலு பேர் இறந்துட்டாங்க, 14 பேருக்குப் பார்வை போச்சு. இதைச் சொல்லிப் பயமுறுத்துறது என் நோக்கம் இல்ல. கண்ணுல விடுறது தைலம் இல்ல, சுத்தமா இருந்தே ஆகணும்னு எனக்கு உறைச்சது அதைப் படிச்சப்போதான். பாட்டில் நுனி இமையிலயோ விரல்லயோ படக்கூடாது. திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவுல எழுதி வச்சு, அட்டையில சொல்லியிருக்கிற நாள் முடிஞ்சா, பாதி இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும். சாதாரணமா ஒரு மாசம். எங்க அம்மாவைத் தூக்கிப் போட வைக்கிறதுதான் இதுல கஷ்டமான பகுதி.

விடுற விதத்துலயும் தப்பு இருந்தது. அம்மா நின்னுக்கிட்டே கண்ணாடியைப் பார்த்து விட்டுக்கிட்டு இருந்தாங்க, பாதி கன்னத்துல. இப்ப படுத்துக்கிட்டு, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, அந்தப் பைக்குள்ள ஒரே ஒரு சொட்டு. ரெண்டு வேண்டாம், கண்ணுல ஒண்ணுக்கு மேல நிக்க இடமே கிடையாது. அப்புறம் ஒரு நிமிஷம் கண்ணை மூடி வச்சிருக்கணும், பிழியக் கூடாது. வேற சொட்டு இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் கேப், லூப்ரிகேட்டிங் கடைசியில.

மெடிக்கல் ஷாப் பத்தி ஒரு வார்த்தை. நடுவுல ஒரு நாள் அம்மா தெருமுனைக் கடையில "கண் எரியுது"ன்னு கேட்டு ஒரு சொட்டு வாங்கியிருந்தாங்க. நல்லவேளை, திறக்கல. எடுத்துப் பார்த்தா ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு விட்டா எரிச்சல் நிஜமாவே அடங்கும், அதான் ஆபத்து. டாக்டர் மேற்பார்வை இல்லாம இழுத்தா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரை போகலாம். பக்கத்து வீட்டு ஆயா நந்தியாவட்டைப் பூச் சாறு பிழியச் சொன்னதும் தனிக் கதை. பாசத்துல சொன்னாங்க. ஆபரேஷன் ஆன கண்ணுல அது வேண்டாம், எந்தக் கண்ணுலயும் வேண்டாம்.

இன்னொண்ணு, இது முக்கியம். ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லா எரிச்சலும் ட்ரை ஐ கிடையாது. வலி கூடிக்கிட்டே போனா, பார்வை திடீர்னு குறைஞ்சா, கண் நல்லா சிவந்தா, சீழ் வந்தா, மின்னல் மாதிரி வெளிச்சமோ திரை இறங்குற மாதிரியோ தெரிஞ்சா, சொட்டு விட்டுப் பார்க்கலாம்னு உட்காரக் கூடாது. அன்னைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. அம்மா போன்ல "எரியுது"ன்னு சொன்னப்போ அது இதுல எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியாது. தெரியாமதான் "சும்மா நினைச்சுக்கிட்டு இருக்காத"ன்னேன். எரியுறது வறட்சியா இருந்தது எங்க அதிர்ஷ்டம்.

ஷீட்டைப் புதுசாப் போட்டேன். இந்தத் தடவை அம்மா அதைப் பார்த்துட்டு, "நீ எழுதினது போதும், நானே எழுதிக்கிறேன்"னு காலண்டர்ல அவங்க கையெழுத்துல எழுதிக்கிட்டாங்க. சாமி விளக்கு ஏத்தும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, டீ போடும்போது, ராத்திரி சீரியல் முடிஞ்சதும். என் அலாரத்தை விட அது நல்லா வேலை செய்யுது. மெஷினுக்கு நேர் மேல சுத்திக்கிட்டு இருந்த ஃபேனைத் தவிர்க்க, மெஷினையே ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். அந்தக் காத்து இத்தனை வருஷமா நேரா முகத்துலதான் அடிச்சிருக்கு.

மூணு வாரத்துல மண்ணு உறுத்தல் போயிடுச்சு. முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். நாலு பிளவுஸ் சேர்ந்தாப்ல தைச்சா சாயங்காலம் இன்னும் லேசா எரியுதாம். இது அப்படியே போயிடலாம், இல்ல கொஞ்சம் சொட்டு எப்பவும் தேவைப்படலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அடங்கலைன்னா கண்ணீர் வடிகிற குழாயை அடைக்கிற குட்டி பிளக், சைக்ளோஸ்போரின் சொட்டுன்னு அடுத்த கட்டம் இருக்கு. எங்களுக்கு இப்போதைக்கு அது தேவைப்படல. நூல் டப்பாவைக் கொட்டி, கறுப்பையும் நேவி புளூவையும் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க. எல்லாம் வலது கண்ணாலதான்.

அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பொண்ணு என்னையும் சும்மா விடல. நான் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ, "அண்ணா, நீங்க சிமிட்டவே மாட்டேங்குறீங்க"ன்னாங்க. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம சிமிட்டுறது பாதிக்கும் கீழே போயிடுமாம். இதைக் கேட்டுக்கிட்டே நீங்க இப்ப சிமிட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். [சிரிப்பு]

இடது கண்ணுக்கு அம்மா சரின்னுட்டாங்க. ஆனா ஆபரேஷன் உடனே இல்ல. உள்ளே வைக்கிற லென்ஸோட பவரைக் கணக்குப் போட கார்னியாவோட வளைவை அளக்கணும். மேல்பரப்பு காஞ்சிருந்தா அந்த அளவே தப்பாப் போக வாய்ப்பு இருக்காம். அதனால இந்தத் தடவை முன்னாடியே, ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து நாலு வேளை சொட்டு போய்க்கிட்டு இருக்கு. வர்ற வியாழக்கிழமை அளவு எடுக்கிறாங்க. லீவு சொல்லிட்டேன். டிஸ்சார்ஜ் ஷீட்டை இந்தத் தடவை அம்மாதான் வாங்கி வச்சுக்குவாங்களாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.